யாரும் கேட்காத அமைச்சு

கன்டோன் என்கிற அந்தச் சின்ன மாநிலத்தை ஆள்வதற்கு ஐந்து அமைச்சர்கள். தேர்தல் முடிந்து ஒரு கிழமை கழிய ஐந்து பேரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். யாருக்கு எந்தத் துறை என்று அங்கேதான் பிரிப்பார்கள். அடிபிடி கிடையாது. பதவியில் மூத்தவர் முதலில் எடுப்பார், அடுத்தவர் அடுத்து. நிதி போகும், கட்டிடம் போகும், கல்வி போகும், சுகாதாரம் போகும். கடைசியாக வந்து சேர்ந்த ஆளுக்குச் சட்டியில் என்ன கிடக்கிறதோ அதுதான். சட்டியில் எப்போதும் கிடந்தது உள்ளூராட்சி.

ஊர்ச் சபைகளின் வரவு செலவைச் சரிபார்ப்பது, ஊர்த் தலைவர்கள் அடிபட்டால் விலக்குப் பிடிப்பது, எந்த ஊரை எந்த ஊரோடு சேர்ப்பது என்று பேசிப் பேசி இரண்டு ஊரிடமும் ஏச்சு வாங்குவது. இதுதான் அந்த அமைச்சரின் உத்தியோகம். பாலம் கட்டுகிற அமைச்சர் நாடா வெட்டுவார், படம் பேப்பரில் வரும். உள்ளூராட்சி அமைச்சருக்கு வெட்ட ஒரு நாடாவும் இல்லை.

இந்த அமைச்சின் வரலாற்றை எழுதும் வேலை கிருசிகாவிடம் வந்திருந்தது. கிருசிகா குகநாதனுக்கு வயது இருபத்தாறு. வரலாற்றில் பட்டம் எடுத்தவள். அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். அமைச்சுக்கு இருநூறு வயதாகப் போகிறது, ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். விண்ணப்பித்தவர்கள் குறைவு. கேட்பாரில்லாத அமைச்சுக்குக் கேட்பாரில்லாத வரலாறு. அவளுக்கு அது பிடித்துக்கொண்டது.

எழுத எழுத இன்னும் பிடித்தது. ஆரம்பத்தில் அதற்கு "ஊர்களுக்கும் ஏழைகளுக்குமான துறை" என்று பெயர். பிறகு வந்த ஒவ்வோர் அரசும், எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் கொண்டுவந்து அதன் தலையில் கட்டியது. தீக்காப்பு, மாட்டு நோய், தராசு முத்திரை, சுடலை, கொஞ்சக் காலம் பைத்தியக்காரர் விடுதி. வீட்டில் பாவிக்காத சாமானை அடுக்கி வைக்கிற அறை மாதிரி. ஓர் அமைச்சர் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பெட்டகங்களைத் திறக்கச் சொன்னார். குதிரைச் சத்தம் கேட்டதும் தலைவர்மார் வைக்கோல் பரணில் ஏறி ஒளித்துக்கொண்டார்கள். இன்னொருவர் பதவியேற்ற மாரிகாலத்திலேயே நிதி அமைச்சர் செத்துப்போக, செத்தவீடு முடிய முதல் அந்தக் கதிரைக்குத் தாவிவிட்டார். எண்பதுகளின் கடைசியில், மாட்டு நோய்க்கும் சுடலைக்கும் அடுத்ததாக, அகதிகள் வந்தார்கள். அவர்களையும் இந்தத் துறையிடமே கொடுத்தார்கள்.

அந்த அகதிகளில் ஒருவர் கிருசிகாவின் அப்பா. ரீட் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டவர். இன்னும் ரீட்டிலேயே இருக்கிறார்.

ரீட் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பால் கூடம், ஓர் உணவகம், பின்னேரம் ஆறு மணியோடு ஓய்ந்துவிடும் ஒரு பஸ். அங்கே இறக்கிவிடப்பட்ட பொடியன்கள் எல்லாரும் விசா சரிவந்த கையோடு வின்டர்தூருக்கும் லோசானுக்கும் ஓடிவிட்டார்கள். குகநாதன் மட்டும் அசையவில்லை. பால் கூடத்தில் தரை கழுவப் போனவர் இன்றைக்கு அங்கே சீஸ் செய்கிறார். ஏன் இன்னும் அந்தக் காட்டுக்குள் கிடக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "ரீட் என்னை மனிசனா எடுத்த ஊர். விட்டுட்டு வரேலாது." சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அமைச்சின் வரலாற்றில் ஒரேயொருவர்தான் விலகிப்போக வாய்ப்பிருந்தும் போகாதவர். ஹேர் அம்பூல். அங்கே மரியாதைக்கு ஆணுக்கு ஹேர், பெண்ணுக்கு ஃப்ராவ். அகதிகள் வந்த காலத்தில் அமைச்சராக இருந்தவர். நான்கு தவணை அதே கதிரை. இப்போது எண்பது தாண்டிவிட்டது. கிருசிகா அவரைப் பார்க்கப் போனாள்.

"நிதித் துறையை எடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள்.

"எடுத்திருக்கலாம். அங்கே கோப்புகள் வரும். இங்கே ஆட்கள் வருவார்கள். நான் ஆட்களோடு சண்டை பிடிக்க விரும்பினேன்" என்றார் கிழவர்.

அவருக்கு மறைக்கிற பழக்கம் இல்லை. அதுதான் வில்லங்கமாயிற்று. அகதிகளை ஊர்களுக்கு எப்படிப் பிரித்தீர்கள், சனத்தொகைப்படியா என்று அவள் கேட்டபோது, அவர் தின்றுகொண்டிருந்த கேக் துண்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"சட்டம் அப்படித்தான் சொன்னது. முதல் தடவை அப்படி நடக்கவில்லை. நாற்பது தமிழ் இளைஞர்கள் ஓர் இராணுவக் கொட்டகையில் காத்திருந்தார்கள். இருபது ஊர்த் தலைவர்களை ஓர் உணவகத்தின் மேல்மாடிக்கு அழைத்தேன். பத்து ஊர்கள் போதும், ஊருக்கு நான்கு பேர். மத்தியானம் முழுக்க ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் நான் கீழே போய் யாஸ் விளையாடுகிற சீட்டுக்கட்டை வாங்கிவந்தேன். பெரிய சீட்டு எடுக்கிற பத்து ஊருக்கும் நான்கு நான்கு பேர்."

"சீட்டு?"

"சீட்டு. அதில் எனக்குப் பெருமை இல்லை, ஃப்ராவ் குகநாதன். ஆனால் நடந்தது அதுதான். ரீட்டின் தலைவருக்குப் பெரிய சீட்டு விழுந்தது. அதை மேசையில் எறிந்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்."

கிருசிகா ஒலிப்பதிவை நிறுத்தினாள். தன் அப்பா யார் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும் போலிருந்தது, அந்தக் கிழவரின் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை. அந்த ரீட் தலைவரை அவளுக்குத் தெரியும். அவளுடைய பிறந்தநாளுக்கெல்லாம் சொக்கலேட் கொண்டுவந்தவர். அவர் செத்தபோது பெட்டி தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். மனிசனாக எடுத்த ஊராம். கதவை அடித்துச் சாத்திய ஊர்!

அந்த அத்தியாயத்தை அவள் ஒரே மூச்சில் எழுதினாள். "நாற்பது மனிதர்களை ஓர் உணவகத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று தொடங்கினாள். ஒரு சொல்லையும் தணிக்கவில்லை.

துறையின் செயலாளர் ஃப்ராவ் ஏக்லி அதை வாசித்துவிட்டு "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றாள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்லது எதுவும் வராது என்று கிருசிகாவுக்குத் தெரியும்.

"ஆனால்?" என்றாள்.

"ஆனால் ஒரு முதியவர், ஒரு ஞாபகம். அவ்வளவுதான் உங்களிடம் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் சீட்டு இல்லை. அன்றைக்கு இருந்த தலைவர்களில் மிஞ்சியவர்கள் மறுக்கிறார்கள். இரண்டாவது சாட்சி வேண்டும். திங்கள் பின்னேரம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் இந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவோம்."

"அத்தியாயம் போனால் அட்டையில் என் பெயரும் போகும்."

"அது உங்கள் உரிமை" என்று ஃப்ராவ் ஏக்லி புதினா மிட்டாய் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். கெட்ட மனுசி இல்லை. அதுதான் கிருசிகாவுக்கு இன்னும் எரிச்சல்.

வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டாள். புத்தகத்தில் தன் பெயர் வருவதை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அம்மா செல்வராணி வின்டர்தூரில் இருக்கும் தங்கச்சிக்கு ஏற்கெனவே நாலு தரம் சொல்லியாயிற்று. இரண்டாவது சாட்சிக்கு ஒரே வழி, அன்றைக்குக் கொட்டகையில் இருந்த யாரையாவது கேட்பது. அப்படி ஒருவர் அவளுடைய வீட்டிலேயே இருந்தார். அவரிடம் எப்படிப் போய்க் கேட்பது? அப்பா, நீங்கள் முப்பது வருசமாகக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொல்கிற ஊர் உங்களைச் சீட்டில் தோற்றுத்தான் எடுத்தது என்று சொல்வதா? அதற்கு அத்தியாயமே போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரீட்டுக்குப் போனாள். அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தாள். மாடுகளுக்கு ஞாயிறு விடுமுறை இல்லாதபடியால் அப்பா காலையிலேயே பால் கூடம் போய்வந்து, குளித்து, மேசையில் இருந்தார்.

"என்னடி, முகத்தை உப்பிக்கொண்டு இருக்கிறாய்?" என்றாள் செல்வராணி. "கறி உறைப்போ?"

"இல்லையம்மா."

"அப்ப சாப்பிடன். புத்தகம் எப்ப வருகுது? அங்கை சித்தி கேட்டுக் கேட்டு என்ர காது புளிச்சுப்போச்சு."

"வராட்டி வராது. வந்தாலும் என்ர பேர் இருக்காது. விடுங்கோ."

செல்வராணி அகப்பையை வைத்தாள். "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நீ எழுதினது, உன்ர பேர் இல்லாமல் ஆற்றை பேர் போடப் போறாங்கள்? நிறம் பாக்கிறாங்களோ?"

"இல்லையம்மா, அதில்லை."

"பின்னை எது? சொல்லித் துலையன். முழுசிக்கொண்டு இருந்தா எனக்கென்ன சாத்திரமே தெரியும்?"

கிருசிகாவுக்குப் பொறுமை குறைவு. அப்பாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கொட்டிவிட்டாள். உணவகம், மேல்மாடி, சீட்டுக்கட்டு, பெரிய சீட்டு, ரீட் தலைவர் கதவை அடித்துச் சாத்தியது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அப்பா எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "அதுக்கென்ன?"

"என்ன அதுக்கென்ன? உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? எங்களைப் பாக்க ஒரு சோசியல் அம்மா வாறவ. நல்ல மனுசி. அவ அண்டைக்குப் பின்னேரமே வந்து இங்கிலீசிலை சொல்லிப்போட்டா. உங்களைச் சீட்டுப் போட்டுப் பிரிச்சுப்போட்டாங்கள் எண்டு. சொல்லிப்போட்டு அழுதவ. நாங்கள்தான் ரீ போட்டுக் குடுத்து ஆறுதல் சொன்னனாங்கள்."

"அப்பா! கோவம் வரேல்லையோ உங்களுக்கு?"

"வந்தது. அவங்களென்ன எங்களுக்குச் சீட்டுப் போடுறது, நாங்களும் போடுவம் எண்டு போட்டம்."

செல்வராணியும் மகளும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். குகநாதன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இவ்வளவு காலமும் வாயைத் திறக்காத விசயம் வழுக்கி வந்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"என்ன போட்டனியள்?" என்றாள் செல்வராணி.

"முன்னூற்றி நாலு."

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. சோசியல் அம்மா பத்து ஊர்களின் பெயரைச் சுவரில் ஒட்டிவிட்டு, நாளைக்கு ஊருக்கு நாலு பேராக வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எந்த ஊருக்கு யார் என்று எழுதியிருக்கவில்லை. பஸ்காரன் தலையைத்தான் எண்ணுவான், பேரைப் பதிவது அந்தந்த ஊரில். நாற்பது பேரும் பத்துக் கூட்டமாகப் பிரிந்து, கட்டில்களை இழுத்துப் போட்டு, போர்வையை விரித்து 304 என்ற சீட்டாட்டம் ஆடியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு இரண்டு பேர் ஆடலாம். எல்லாரையும் வென்ற கூட்டம் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கும், தோற்றவர்களுக்கு மிச்சம்.

"அப்ப நீங்கள் தோத்துப்போய் இஞ்சை வந்தனியள்" என்றாள் கிருசிகா.

"ஆர் தோத்தது? நாங்கள்தான் முதலாவது."

"முதலாவது வந்து ரீட்டையோ எடுத்தனியள்?"

"எல்லாருக்கும் ரீட்தானே வேணும்! அதுக்குத்தான் அவ்வளவு அடிபாடு." குகநாதன் கையைக் கழுவ எழுந்தார், செல்வராணியின் பார்வையைக் கண்டு மறுபடி இருந்தார். "இஞ்சை பார் பிள்ளை. எங்களுக்கு அப்ப இந்த நாட்டிலை என்ன தெரியும்? பேர்ன் தெரியும், பாசல் தெரியும், சூக் தெரியும், ஜெனீவாவை இவங்கள் கென்ஃப் எண்டுறது தெரியும். எல்லாம் பெரிய பட்டணம். எல்லாம் சின்னப் பேர். அப்ப நாங்கள் யோசிச்சம், இஞ்சை பேர் சின்னனெண்டா ஊர் பெரிசு. சுவரிலை பாத்தா, மற்றதெல்லாம் ரெயில் மாதிரி நீட்டுப் பேர். ஒண்டுதான் ரீட்."

வெளியே ஒரு மாட்டு மணி கேட்டது.

கிருசிகா சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்து முடிய முதல் வாய்க்குள் இருந்த சோறு மூக்கால் வந்தது.

செல்வராணி சிரிக்கவில்லை. "அப்ப நீங்களாத் தெரிஞ்சு எடுத்தனியள்."

"ஓம்."

"கேட்டு வாங்கினனியள்."

"ஓமெண்டுறன்."

"நான் முப்பது வருசமா வின்டர்தூருக்குப் போவம், தங்கச்சியோடை போயிருப்பம் எண்டு தலைகீழா நிண்டும், மனிசனா எடுத்த ஊர், மனிசனா எடுத்த ஊர் எண்டு..."

"முதல் நாள் பஸ்ஸாலை இறங்கினவுடனை எனக்கு விளங்கீட்டுது. தேவாலயத்தைத் தாண்டினா ஊர் முடிஞ்சுது. ஆனா எந்த முகத்தோடை விட்டுட்டு வாறது? சண்டை பிடிச்சு வாங்கின ஊர். விட்டுட்டுப் போனா சயந்தன் சிரிப்பான்."

சயந்தன் அப்பாவின் உயிர்ச் சிநேகிதன். கடைசி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் இருந்தவர். தோற்று, சுவரிலேயே மிக நீளமான பெயரைக் கொண்ட ஒபர்லாங்கன்விலர் என்ற இடத்துக்குப் போனவர். அது ரெயில் நிலையமும் தொழிற்சாலையும் சினிமாக் கொட்டகையும் உள்ள பட்டணமாக இருந்தது. இன்றைக்கு அங்கே பெரிய மரக்கறிக் கடை வைத்திருக்கிறார்.

"கடைசி ஆட்டம் எப்பிடி வெண்டனியள்?" கிருசிகா எதேச்சையாகத்தான் கேட்டாள். கையில் பேனை வந்துவிட்டிருந்தது.

குகநாதன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கறிச்சட்டியைப் பார்த்தார். "செஞ்சிலுவைக்காரர் தந்த தடிச்ச கம்பளிச் சொக்ஸ்" என்றார்.

"அதுக்கு?"

"ஆட்டத்திலை பெரிய சீட்டு ஜாக். அதை அதுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தனான்."

செல்வராணி எழுந்து கைபேசியை எடுத்தாள். குகநாதன் "இஞ்சாரும், வேண்டாம், செல்வம், நான் சொல்லுறதைக் கேளும்" என்று மேசையைச் சுற்றி வர, அவள் மறுபக்கத்தால் சுற்றி, சயந்தனுக்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டாள்.

"சொல்லுங்கோ அக்கா" என்றது கடைச் சத்தத்துக்குள்ளால் ஒரு குரல். "கத்தரிக்காய் வேணுமோ? வாற சனி கொண்டுவாறன்."

"கத்தரிக்காய் கிடக்கட்டும் தம்பி. உங்கட சிநேகிதன் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணுமாம்."

தப்ப வழியில்லை. குகநாதன் சொன்னார். சொக்ஸ் வரைக்கும் சொன்னார்.

"டேய்" என்றார் சயந்தன். "டேய் குகன். நான் உனக்கு மாதாமாதம் மரக்கறி கொண்டுவாறன். ஏன் கொண்டுவாறன் தெரியுமோ?"

"சிநேகத்திலை எண்டு..."

"மண்ணாங்கட்டிச் சிநேகம்! பாவத்திலையடா! வெண்டவன் காட்டுக்குள்ளை கிடக்கிறான், தோத்த நான் பட்டணத்திலை கிடக்கிறன், என்னாலைதானே எண்டு. முப்பது வருசம்! பனிக்குள்ளை அந்த மலை ஏறி! எத்தினை தரம் கார் சறுக்கினது தெரியுமோ உனக்கு? நீ கள்ளச் சீட்டு அடிச்சிருக்கிறாய்!"

"மச்சான், பாத்தா நான் உனக்கு நல்லதுதானே செய்தனான். நான் ஒழுங்கா விளையாடியிருந்தா நீதான் இஞ்சை மாட்டோடை..."

"வாயை மூடு!" என்றார் சயந்தன். பிறகு ஒரு விக்கல் மாதிரி ஏதோ கேட்டது. அழுகிறாரோ என்று கிருசிகா பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கி, இருமி, கடையில் நின்ற யாருக்கோ "ஒண்டுமில்லை அண்ணை, நில்லுங்கோ" என்று சொல்லி, மறுபடி சிரித்தார்.

"சயந்தன் மாமா" என்று கிருசிகா இடையில் புகுந்தாள். "சோசியல் அம்மா வந்து சீட்டுப் போட்ட கதை சொன்னது உங்களுக்கும் ஞாபகமோ?"

"வடிவா ஞாபகம். நான்தானே ரீ ஊத்தினனான். ஏன் பிள்ளை?"

"எழுதப் போறன். உங்கட பேர் போடலாமோ?"

"போடு. கடை விலாசத்தையும் போடு. ஆனா உவன்ர சொக்ஸை எழுதாட்டி என்ர பேரைப் போடாதை."

அன்று பின்னேரம் அப்பாவும் மகளும் மேசையில் எதிரெதிராக இருந்தார்கள். செல்வராணி கதைக்கமாட்டேன் என்று அறைக்குள் போய், அங்கிருந்தே உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"சொக்ஸ் வேண்டாம் பிள்ளை. பால் கூடத்திலை எல்லாரும் வாசிப்பாங்கள்."

"அதுதானப்பா கதை. அது இல்லாட்டி நீங்கள் அவங்கள் மேசையிலை பங்கு பிரிச்ச வெறும் சாமான். அதோடைதான் நீங்கள் ஆள்."

"கள்ள ஆள்."

"ஓம். கள்ள ஆளெண்டாலும் ஆள்."

குகநாதன் நகத்தால் மேசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைச் சுரண்டினார். "அந்தத் தலைவர் மனுசன் கதவை அடிச்சுச் சாத்தினதையும் எழுதுவியோ?"

"எழுதுவன்."

"எழுது. உண்மைதானே. அடுத்த நாள் பஸ் நிக்கேக்கை அவர்தான் நிண்டவர், எங்களுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு. அளவு ஒண்டும் சரியில்லை. அதையும் எழுதிவிடு."

கிருசிகா எழுதினாள். தான் முதலில் எழுதிய கோபத்தில் ஒரு வரியையும் வெட்டவில்லை. சீட்டுப் போட்டது பிழை. அதற்கு அப்பாவின் சொக்ஸ் மன்னிப்பு ஆகாது. ஆனால் "அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்ற வரிக்குப் பின்னால் முன்பு முற்றுப்புள்ளிதான் இருந்தது. இப்போது அதற்குப் பின்னால் ஒரு கொட்டகை, இழுத்துப்போட்ட கட்டில்கள், ஒரு போர்வை, நாற்பது பொடியன்களின் சத்தம். படித்துப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. கோபமாக எழுதுவது அவளுக்குப் பழக்கம். இப்படிச் சிரித்துக்கொண்டு கோபமாக எழுதுவது புதிது.

திங்கட்கிழமை ஃப்ராவ் ஏக்லி புது அத்தியாயத்தை வாசித்தாள். சொக்ஸ் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "சாட்சி ஒன்று கேட்டேன். இரண்டு வந்திருக்கிறது" என்றாள். "ஆனால் ஹேர் அம்பூலுக்குத் தெரிய வேண்டும். அவர் ஊர்களைத்தான் பிரித்தார், ஆட்களை இவர்களே பிரித்திருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் எனக்குக் கஷ்டம்."

அங்கேயே வைத்துக் கூப்பிட்டார்கள். கிருசிகா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அத்தியாயத்தை அவருக்கு வாசித்தாள். இந்த முறை, குகநாதன் என் அப்பா என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"ரீட்டை விரும்பி எடுத்தாரா?" என்று கேட்டார் கிழவர்.

"விரும்பி. கள்ளச் சீட்டு அடித்து."

"ஃப்ராவ் குகநாதன், நான் நான்கு தவணை அந்தத் துறையில் இருந்தேன். ரீட்டைப் பக்கத்து ஊரோடு சேர்க்கக் கேட்டேன், பக்கத்து ஊர் வேண்டாம் என்றது. வைத்தியர் ஒருவரை அனுப்பினேன், ஓடிவிட்டார். ஆசிரியை ஒருத்தி அழுதாள். ரீட் வேண்டும் என்று ஒருவர் கேட்டதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்." அவர் மூச்சு விட்டார். "பெரிய சீட்டு எடுத்தவர் தோற்றவர் என்று நான் விதி வைத்தேன். அந்த விதிதான் பிழை. எழுதுங்கள். ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கள்."

ஃப்ராவ் ஏக்லி தொலைபேசியை வைத்தாள். அட்டையின் கடைசிப் படியைத் திரையில் திறந்தாள். எழுதியவர்: கிருசிகா குகநாதன். எழுத்து சற்றுச் சிறியதாக இருந்தது. "கொஞ்சம் பெரிதாக்கலாம்" என்று ஃப்ராவ் ஏக்லியே பெரிதாக்கினாள்.

கிருசிகா படியில் இறங்கிக்கொண்டே அம்மாவுக்கு அடித்தாள். செல்வராணி முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலையில் நின்றாள். பின்னால் மெசின் உருண்டுகொண்டிருந்தது.

"என்னவாம்?" என்று கத்தினாள்.

"போகுதம்மா! முழு அத்தியாயமும் போகுது."

"உன்ர பேர்?"

"அட்டையிலை. பெரிசா."

"முருகா! நான் இப்பவே சித்திக்கு எடுக்கிறன். உன்ர கொப்பற்றை பேர்?"

"உள்ளுக்கை. நாலைஞ்சு இடத்திலை."

"சயந்தன்ரை?"

"அதுவும்."

மெசின் நின்றது.

"அப்ப என்ர பேர் எங்கை?" என்றாள் செல்வராணி.

"உங்கட பேர் ஏனம்மா? நீங்கள் அப்ப இந்த நாட்டுக்கே வரேல்லையே."

"நான் வரேல்லை. உன்ர கொப்பர் சொக்ஸுக்குள்ளை ஒளிச்சு எடுத்த ஊரிலை முப்பது வருசம் சட்டி பானை கழுவினது ஆரடி? உன்னைப் பெத்தது ஆர்? அண்டைக்குச் சயந்தனுக்குப் போன் அடிச்சது ஆர்? நான் அடிக்காட்டி உனக்கு எங்கை கிடந்தது ரெண்டாவது சாட்சி?"

கிருசிகா படியில் நின்றாள். வாதத்தில் ஓட்டையே இல்லை.

"நில்லுங்கோம்மா, போனை வைக்காதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் படிகளில் ஓடி ஏறினாள். ஃப்ராவ் ஏக்லி கோப்பை அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம்!" என்று கிருசிகா கதவிலேயே நின்று மூச்சு வாங்கினாள். "நன்றியுரையில் முதல் பெயர் விடுபட்டுப் போய்விட்டது."